மூச்சுக்கு ஒரு மனு

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் பிரயாணம் செய்கிறவர்களுடைய நோக்கங்கள் நமக்குத் தெரிந்தவையே. குளிர்ந்த சீதோஷ்ணத்தை நாடிச் செல்கிறவர்கள் சிலர். அங்கே உத்தியோகம் பார்க்கும் மகனையோ மகளையோ பார்த்துவரச் செல்கிறவர்கள் பலர். லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இன்னும் பலர். அந்த நகரத்தின் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு பழைய சிறைச்சாலையின் மதில்கள் நிற்கின்றன என்பதும், அந்த மதில்களுக்குள் ஒரு பெண்மணி மூச்சுவிட இயலாமல் மாதக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அவர்களில் அநேகருக்குத் தெரியாது. சிறைக்குள்ளிருந்து எழும் ஒரு முறையீட்டுக்கு நம் தேசத்தில் என்ன கதி நேர்கிறது என்பதை, அது நேர்ந்த ஸ்தலத்திலேயே நின்று சிந்திக்க வேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக என் மனத்தில் இருந்துவந்தது. அந்த விருப்பமே என்னைப் பெங்களூருக்கு இட்டுச் சென்றது.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் அரக்கோணத்தைத் தாண்டிக் காட்பாடியில் நிற்கும்போது, சிறையைப் பற்றிய சிந்தனையோடு செல்லும் பிரயாணிக்கு அங்கேயே ஒரு முகவுரை கிடைத்துவிடுகிறது. காட்பாடிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது வேலூர் மத்தியச் சிறை. 1921 டிசம்பர் முதல் மூன்று மாத காலம் ராஜாஜி அங்கே அடைக்கப்பட்டிருந்தார். ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் அவரை வெகுகாலம் வருத்திய நோய். அந்தச் சிறைவாசத்தில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில், சுயராஜ்யம் கிடைத்த மாத்திரத்தில் நல்ல அரசாங்கமும் ஜனங்களுக்குச் சௌக்கியமும் வந்துவிடும் என்று எண்ணலாகாது என்றும், தேர்தல் ஊழலும் அநீதியும் பணபலத்தின் கொடுமையும் நிர்வாகச் சீர்கேடும் வாழ்க்கையை நரகமாக்கக்கூடும் என்றும் தீர்க்கதரிசனமாகக் குறித்து வைத்தார். அந்நிய ஆட்சியின் சிறையில் இருந்த ஒருவர் வரப்போகும் சுதேச ஆட்சியைக் குறித்து எழுதிய எச்சரிக்கை அது. ஐம்பது வருஷங்களுக்குமேல் கழிந்த பிறகு, அதே நோயுடைய வேறொருவர், சுதேச ஆட்சியின் சிறையொன்றில், அந்த எச்சரிக்கையின் பொருளைத் தம் சரீரத்தால் அனுபவித்தார்.

காட்பாடியை விட்டதும் ரயில் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஓடுகிறது. ஜோலார்பேட்டையில் ஏலகிரி மலையைக் கண்டுவிட்டு, குப்பத்தைக் கடந்து பங்காரப்பேட்டையை அடைவதற்குள் பூமி சிறிது சிறிதாக உயர்ந்துவிடுகிறது. சமவெளியின் வெப்பம் நம்மை விட்டு விலகுகிறது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஆரோக்கியமுள்ளவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி ஒரு வரப்பிரசாதம். இரைப்பு நோயாளிகளுக்கோ அந்தக் குளிரும், மரங்கள் பூக்கும் காலத்தில் காற்றில் மிதக்கும் மகரந்தமும் ஒத்துக்கொள்வதில்லை என்பதை அவ்வூரில் வாழ்கிற எவரும் சொல்வார்கள். வீட்டில் கம்பளிக்குள் படுத்திருக்கும் நோயாளிக்கே இப்படியென்றால், கல்தரையில் படுக்கும் நோயாளியின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ரயில் நிலையத்திலிருந்து ஆனந்தராவ் சர்க்கிளை நோக்கி நடந்து, மேம்பாலத்தின் இரைச்சலைக் கடந்து, சேஷாத்ரி சாலையில் திரும்பினால் அந்த இடம் வந்துவிடுகிறது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாகப் பல வருஷங்கள் பணியாற்றிய சேஷாத்ரி ஐயரின் பெயரைத் தாங்கிய சாலை அது. சாலையோரத்தில் உயர்ந்த மதில் செல்கிறது. வாயிலில் 'ஃப்ரீடம் பார்க்' என்று எழுதியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் அறுபதுகளில், பிரிட்டிஷ் கமிஷனரின் நிர்வாகத்தில் மைசூர் இருந்த காலத்தில், பெங்களூர் மத்தியச் சிறை இங்கே கட்டப்பட்டது. 2000ஆம் வருஷத்தை ஒட்டிக் கைதிகளெல்லாம் நகரத்துக்கு வெளியே பரப்பன அக்ரஹாரத்தில் எழுந்த புதிய சிறைக்கு மாற்றப்பட்ட பின், இருபது ஏக்கருக்கு மேற்பட்ட இந்த நிலம் பூங்காவாக உருமாறி 2008 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முற்றிலும் இடித்துத் தள்ளிவிடாமல், காவல் கோபுரத்தையும் கைதிகள் அடைபட்டிருந்த கொட்டடிகளில் சிலவற்றையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அது நல்ல காரியம்.

நடுவில் கோபுரமும், அதைச் சுற்றிக் கிரணங்களைப் போல நாலாபக்கமும் விரிந்து செல்லும் கொட்டடிகளுமாக அமைந்த இந்தக் கட்டடத்தின் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் காவலன் எல்லாக் கைதிகளையும் கண்காணிக்க வேண்டும். கைதியோ தான் எந்தக் கணத்தில் கண்காணிக்கப்படுகிறோம் என்பதை அறியாமல் எப்போதும் அடங்கியிருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தத்துவாசிரியர் ஜெரிமி பெந்தாம் வகுத்த யோசனை இது. அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று நான்கு திசையும் பார்த்தபோது என் மனத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது: கைதியைப் பார்ப்பதற்கு எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டிருக்கிறார்கள்! கைதி சொல்வதைக் கேட்பதற்கு இந்தக் கட்டடத்தில் எங்கேயும் ஓர் ஏற்பாடு இல்லை. கண் மட்டும் படைத்து, செவியைப் படைக்காமல் விட்ட சிருஷ்டி இது.

பூங்காவில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு முதியவர், நான் தமிழில் எதையோ படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "மெட்ராஸிலிருந்து வர்றீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து அமர்ந்தார். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் தகப்பனார் காலத்தில் இந்த மதிலோரமாக நடப்பதற்கே ஜனங்கள் கூச்சப்படுவார்களாம். "இப்ப பாருங்க சார், குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. வாசல் பக்கம் போனீங்கன்னா பந்தல் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஊரிலே யாருக்கு என்ன குறை இருந்தாலும், போராட்டம்னு வந்தா போலீஸ்காரங்க இங்கேதான் அனுப்புறாங்க" என்றார். அவர் சொன்னது மெய். பெங்களூர் நகரத்தில் ஆர்ப்பாட்டங்களும் தர்ணாக்களும் இந்த ஓரிடத்தில்தான் நடைபெறலாம் என்று 2021இல் விதி செய்திருக்கிறார்கள். குறையைச் சொல்ல வழியின்றி மனிதர்கள் அடைபட்டிருந்த இடமே, குறையைச் சொல்வதற்கென்று ஒதுக்கப்பட்ட இடமாகியிருக்கிறது. முன்பு இங்கிருந்து எழுந்த ஒரு குறையின் வரலாற்றை, இங்கே பந்தலில் அமர்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

1975 ஜூன் 25ஆம் தேதி இரவு நாட்டில் அவசரநிலை பிரகடனமாயிற்று. பாராளுமன்றக் குழுவொன்றின் கூட்டத்துக்காக வந்து பெங்களூர்ச் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் தங்கியிருந்த அத்வானி, வாஜ்பாய் முதலியவர்கள் மறுநாள் காலையில் அங்கேயே கைதாகி இந்தச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சோஷலிஸ்ட் தலைவர் மது தண்டவதேயும் இங்கே அடைக்கப்பட்டார். அவர்களுடைய பெயர்கள் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன. பின்னாளில் அவர்களுக்கு மந்திரி பதவிகளும் மாலைகளும் வாய்த்தன. நான் காண வந்தது அவர்கள் இருந்த அறைகளை மாத்திரம் அன்று. இதே மதில்களுக்குள் பெண்கள் பகுதியில் தனியே அடைபட்டிருந்த சிநேகலதா ரெட்டியின் நினைவே என்னை இங்கே அழைத்து வந்தது.

1932இல் பிறந்த சிநேகலதா நாடகத்தையும் நாட்டியத்தையும் தம் ஜீவனாகக் கொண்டவர். சென்னையில் வாழ்ந்த காலத்தில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்ற ஆங்கில நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். ஆகவே நம் சென்னைக்கும் அவர் அந்நியர் அல்லர். அவருடைய கணவர் பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர், திரைப்பட இயக்குநர். தம்பதிகள் இருவரும் ராம் மனோகர் லோகியாவின் சோஷலிஸ சித்தாந்தத்தில் பற்றுக் கொண்டவர்கள். யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலைப் பட்டாபிராம ரெட்டி 1970இல் கன்னடத்தில் படமாக்கியபோது, ஆசாரத்தின் கட்டுகளுக்கு வெளியே நிற்கும் சந்திரி என்ற பாத்திரத்தைச் சிநேகலதா ஏற்றார். தணிக்கைக் குழு முதலில் தடுத்து நிறுத்திய அந்தப் படம், பிறகு வெளிவந்து நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. எல்லாரும் சவத்தை வைத்துக்கொண்டு சாஸ்திரம் தேடிக்கொண்டிருக்கையில், செய்ய வேண்டியதைச் செய்கிறவள் அந்தச் சந்திரி.

அவசரநிலைக் காலத்தில் தலைமறைவாக இருந்த சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸோடு அத்தம்பதிகளுக்கு நெருங்கிய நட்பு இருந்தது. பரோடா வெடிமருந்து வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கைக் காரணமாகக் காட்டி 1976 மே 2ஆம் தேதி சிநேகலதா கைதானார். பின்பு மிசா சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைத்துவைக்கப்பட்டார். அந்த வழக்கின் இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இடம்பெறவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் இருப்பதற்கென்று அமைந்த ஒடுங்கிய அறை, ஒரு கோடியில் கழிப்பிடமாகத் தரையில் ஒரு துளை, கதவுக்குப் பதிலாகக் கம்பி வலை, படுக்கை வெறுந்தரை. நெடுங்காலமாகக் கடுமையான ஆஸ்துமா உள்ள நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்கு அரசாங்கம் அளித்த வாசஸ்தலம் இதுதான்.

அவர் முறையிட்டார். தம் நோய்க்கு ஒழுங்கான சிகிச்சை வேண்டுமென்று கேட்டார். அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆயினும் அவருடைய நாட்குறிப்பைப் படிக்கிறவர்களின் நெஞ்சைத் தொடுவது, அவர் தமக்காக மட்டும் முறையிடவில்லை என்பதே. சிறைக்குள் புதிதாகக் கொண்டுவரப்படும் பெண்களை மற்றவர்களுக்கு எதிரில் ஆடை களைந்து சோதிக்கும் அவமானத்தைக் கண்டு அவர் கொதித்தார். தண்டனையாக அடைப்பு விதித்த பிறகு மனித உடலை இழிவு செய்வதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். பெயரும் செல்வாக்கும் இல்லாத சாதாரணப் பெண் கைதிகள் அடிபடுவதை எதிர்த்துப் போராடினார். அவர்களுக்குக் கொடுக்கப்படும் ஆகாரம் சீர்பட வேண்டுமென்று வாதாடினார். தம் முயற்சியால் அடிப்பது நின்றது, உணவு ஓரளவு திருந்தியது என்ற திருப்தி அவருக்குக் கிடைத்தது. பிறருக்காக அவர் செய்த முறையீடு பலித்தது. தம் மூச்சுக்காகச் செய்த முறையீடு பலிக்கவில்லை. இரவின் நிசப்தத்தில் அவருடைய அறையிலிருந்து எழும் கூக்குரல் தமக்குக் கேட்டதாகப் பின்னாளில் மது தண்டவதே எழுதியிருக்கிறார். சக கைதியின் காதில் விழுந்த அந்தக் குரல், கேட்க வேண்டியவர்களின் காதில் விழவில்லை.

பழைய சிறையிலிருந்து புறப்பட்டு, கப்பன் பூங்காவின் விளிம்பில் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் எதிரே போய்ச் சற்று நேரம் நின்றேன். அட்டாரா கச்சேரி என்று அழைக்கப்படும் இந்த மாளிகையும் சிறை எழுந்த அதே தசாப்தத்தில் எழுந்தது. பெங்களூரில் அடைபட்ட தலைவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள் இங்கேதான் வந்தன. அரசாங்கத்தின் ஆட்சேபத்தைத் தள்ளி, அவற்றை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டென்று இந்த நீதிமன்றம் சொல்லிற்று. நாட்டின் வேறு பல உயர் நீதிமன்றங்களும் அப்படியே சொல்லின. அவையெல்லாம் தவறு என்று 1976 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், ஐந்து நீதிபதிகளில் நால்வர், அவசரநிலைக் காலத்தில் அடைபட்டவர் எந்த நீதிமன்றத்தின் வாசலிலும் போய் நிற்க முடியாது என்றார்கள். அந்த நால்வரில் ஒருவரான நீதிபதி பெக், அடைபட்டவர்களுக்கு நல்ல இருப்பிடமும் நல்ல உணவும் நல்ல பராமரிப்பும் கிடைத்துவருகின்றன என்றும், அரசாங்கம் அவர்கள்பால் காட்டும் பரிவு ஏறத்தாழத் தாயின் பரிவைப் போன்றது என்றும் தம் தீர்ப்பில் எழுதினார். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

தாயின் பரிவு என்று எழுதிய மை உலர்ந்த நான்காம் நாள் சிநேகலதா கைதானார். இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், சிறைக்குள்ளிருந்து வரும் முறையீடு ஏன் அவசியம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சிறை எப்படி இருக்கிறது என்பதை டில்லியில் அமர்ந்திருக்கும் நீதிபதி, அதிகாரிகள் சொல்லக் கேட்டுத்தான் அறிகிறார். கைதியின் வாயை மூடிவிட்டால், அரசாங்கத்தின் வாக்கே ஒரே சாட்சியமாகிவிடுகிறது. நேர்மையான நீதிபதிகூட அந்த ஒரே சாட்சியத்தை நம்பிப் பெரும்பிழை செய்துவிட நேர்கிறது. ஆதலால் கைதியின் முறையீடு கைதிக்கு மட்டும் உபகாரமானது என்று எண்ணுவது தவறு. உண்மையை அறிந்து நியாயம் வழங்க விரும்பும் ஒவ்வொரு நீதிபதிக்கும், ஒவ்வொரு மந்திரிக்கும் அது இன்றியமையாதது.

அதே மே மாதத்தில் ஜார்ஜ் பெர்னாண்டஸின் தம்பி லாரன்ஸைப் பெங்களூர்ப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். பல நாட்கள் சித்திரவதைக்கு ஆளாகி, துணையின்றி நடக்க இயலாத நிலையில் அவர் இதே சிறைக்கு வந்து சேர்ந்தார். மகனைக் கண்ட தாயார் ஆலிஸ் பெர்னாண்டஸ், கண்டதையெல்லாம் விவரித்துக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றங்களின் கதவு சாத்தப்பட்ட தேசத்தில் ஒரு தாயால் எழுத முடிந்த ஒரே மனு அது. தாயின் பரிவு எத்தகையது என்பதை அறிய விரும்புகிறவர்கள் அந்தக் கடிதத்தைத்தான் படிக்க வேண்டும்.

பெங்களூரைப் பற்றி எழுதும் தமிழன், அந்த நாட்களில் சென்னை மட்டும் புனிதமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1976 ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட சில தினங்களுக்குள், சென்னை மத்தியச் சிறையில் மிசாக் கைதிகள் கொடுமையாக அடிக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் பாராளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, இளைஞராயிருந்த மு. க. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தம் உடலில் ஏற்றுக் காயமுற்றார்; 1977 ஜனவரியில் இறந்தார். அவரும் சிறை நாட்குறிப்பு எழுதியவர். அவசரநிலை நீங்கிய பின் இக்கொடுமைகளை விசாரித்த கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். கம்பனைத் தம் உயிரெனப் போற்றி, கம்பன் கழகத்தின் மேடைகளில் தர்மத்தின் நுட்பங்களை விளக்கிவந்த அந்தப் பெரியவர், சிறையில் நடந்த அடிகளையும் அதே பொறுமையோடு விசாரித்து, அவை நடந்தன என்று பதிவு செய்தார். அந்தப் பதிவு தமிழ்நாட்டின் நீதி வரலாற்றுக்குப் பெருமை சேர்ப்பது. ஆனால் சிட்டிபாபு அதைக் காண உயிரோடு இல்லை.

சிநேகலதாவின் கதையும் அவ்வாறே முடிந்தது. நோய் முற்றி, இனிச் சிறையில் வைத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற நிலை வந்த பிறகு, 1977 ஜனவரி 15ஆம் தேதி அவரைப் பரோலில் விடுவித்தார்கள். 18ஆம் தேதி இந்திரா காந்தி பொதுத்தேர்தலை அறிவித்தார். சிறைக் கதவுகள் திறக்கத் தொடங்கின. 20ஆம் தேதி சிநேகலதா காலமானார். எட்டு மாதச் சிறைவாசத்துக்குப் பின் அவருக்குக் கிடைத்த சுதந்திரம் ஐந்து நாட்கள். அம்மாத இறுதியில், ஜபல்பூர் வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய கன்னாவுக்கு உரிய தலைமை நீதிபதி ஸ்தானம் பெக்குக்கு அளிக்கப்பட்டது. கன்னா பதவியைத் துறந்தார். அதே வருஷம் கர்நாடக மனித உரிமைக் குழுவினர் சிநேகலதாவின் நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார்கள். சிறைக்குள் யாரும் வாங்கிக்கொள்ளாத முறையீட்டை, அவர் மறைந்த பின் தேசம் வாங்கிக்கொண்டது.

இந்த உயிர்களின் விலையில் சட்டம் சில பாடங்களைக் கற்றது என்பதை மறுப்பதற்கில்லை. 1978இல் நிறைவேறிய 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உயிர்வாழும் உரிமையை எந்த அவசரநிலையிலும் நிறுத்திவைக்க இயலாதபடி செய்தது. டில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, தமக்காக அன்றி, வார்டரின் கொடுமைக்கு ஆளான இன்னொரு கைதிக்காக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து, தலைச்சேரியில் வக்கீலாயிருந்த காலத்தில் தாமே ஒரு மாதம் போலச் சிறையிலிருந்து அதன் உள்ளும் புறமும் அறிந்த அவர், கைதிகள் அச்சமின்றித் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்கு ஒவ்வொரு சிறையிலும் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், மாஜிஸ்டிரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். கண் மட்டும் இருந்த சிறைக்கு முதல்முறையாக ஒரு செவி கிடைத்தது. 1993இல் தேசிய மனித உரிமை ஆணையம் ஏற்பட்டது. சிறைகளைச் சென்று பார்க்கும் அதிகாரம் அதற்குச் சட்டத்தாலேயே அளிக்கப்பட்டது. ஜபல்பூர்த் தீர்ப்பையும் 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி உச்ச நீதிமன்றமே ரத்துசெய்தது. அந்த ரத்துக்கு வழிவகுத்த அந்தரங்க உரிமை வழக்கைத் தொடுத்த புட்டசுவாமி, இதே பெங்களூரில், இதே சிவப்பு மாளிகையில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பாடம் கற்றாகிவிட்டது என்று ஆறுதலடைந்து ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் பெங்களூரில் நான் காண வேண்டிய இடம் இன்னும் ஒன்று இருந்தது. பென்சன் டவுனில், மரங்கள் அடர்ந்த தெருக்களுக்கு நடுவே, இயேசு சபையினர் நடத்தும் இந்திய சமூக நிறுவனம் இருக்கிறது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சுவாமி, 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் அதன் இயக்குநராக இருந்தார். சிநேகலதா சிறையில் வாடிய வருஷத்தில் அதே நகரத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தவர் அவர். பிறகு ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே போய்த் தம் வாழ்நாளைக் கழித்தார். பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8ஆம் தேதி அவர் கைதானபோது வயது எண்பத்து மூன்று. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கின. தம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடிக்க இயலவில்லை. உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டுமென்று நவம்பர் 6ஆம் தேதி மும்பை விசேஷ நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் வேண்டுமென்றது தேசியப் புலனாய்வு முகமை. நீதிமன்றம் அவகாசம் அளித்தது.

தண்ணீர் குடிப்பதற்கு இருபது நாள் அவகாசம்! இந்த வாக்கியத்தை எழுதும்போது என் மனம் ஆறவில்லை. 2021 மே மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் எதிரில் காணொளி மூலம் தோன்றிய அவர், எட்டு மாதங்களுக்கு முன் தாமே குளித்து, தாமே நடந்து, தாமே உண்டு வந்ததையும், இப்போது அவை ஒவ்வொன்றாகத் தம்மை விட்டு நீங்கிவருவதையும் எடுத்துச் சொன்னார். அதன் பிறகே ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். ஜூலை 5ஆம் தேதி, அவருடைய ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த வேளையில், அவர் காலமான செய்தியை நீதிபதிகளிடம் தெரிவித்தார்கள். சிநேகலதாவின் காலத்தில் நீதிமன்றத்தின் கதவு சாத்தியிருந்தது; ஸ்டான் சுவாமியின் காலத்தில் அது திறந்தே இருந்தது. புகார் சொல்ல ஆணையங்கள் இருந்தன, வக்கீல்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. இருந்தும் முடிவு ஒன்றாகவே இருந்தது.

ஏன் என்று பென்சன் டவுனின் நிழலில் நடந்துகொண்டே நெடுநேரம் யோசித்தேன். உடலுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. கோப்புக்கு வேறொரு காலக்கணக்கு உண்டு. மூச்சு நிமிஷங்களால் அளக்கப்படுகிறது, தாகம் மணிகளால் அளக்கப்படுகிறது; கோப்போ வாரங்களாலும் வாய்தாக்களாலும் அளக்கப்படுகிறது. சொத்து வழக்கில் இருபது நாள் தாமதம் ஒரு தாமதம் மட்டுமே. நோயாளிக் கைதியின் மனுவில் அதே இருபது நாள் தாமதம், மனுவை நிராகரிப்பதற்குச் சமானம். முறையீட்டைக் கேட்க ஒரு செவியை நாம் படைத்துவிட்டோம். அந்தச் செவியில் விழுந்தது கைகால்களை எட்டுவதற்குள் கைதியின் ஆயுள் தீர்ந்துவிடுகிறது. 1977 முதல் இன்றுவரை நாம் திருத்திக்கொள்ளாத குற்றம் இதுதான்.

இது பிரபலமான இருவரைப் பற்றிய சமாசாரம் மட்டும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2014இல் ஜெயலலிதா அடைக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் உச்சரிக்கப்பட்ட பரப்பன அக்ரஹாரம், ஓசூர் சாலைப் பக்கத்தில், எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளுக்கு அருகில் இருக்கிறது. அந்தத் திசையில் செல்லும் பஸ்ஸில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, சிறையிலிருப்பவரை மனுப் பார்க்கப் போகும் பெண்களைக் கண்டேன். அவர்களுள் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். 2022ஆம் வருஷத்து அரசாங்கக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேருக்குரிய இடத்தில் 131 பேர் வீதம் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். சிநேகலதாவுக்கு நாட்குறிப்பு எழுதக் கல்வி இருந்தது. ஸ்டான் சுவாமிக்கு வழக்காடத் தோழர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் வந்த அந்தப் பெண்களில் ஒருத்தி யாரைக் காணச் சென்றாளோ, அவனுக்கு இரவில் மூச்சுத் திணறினால் எழுதுகிறவர் யார், படிக்கிறவர் யார்?

செய்ய வேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் திருத்தியமைத்து மண்டேலாவின் பெயரைச் சூட்டிய சிறை விதிகள், வெளியே வாழ்கிறவருக்குக் கிடைக்கும் வைத்தியத்தின் தரம் சிறைக்குள் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்றும், கைதியின் முறையீட்டைத் தாமதமின்றி விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. நம் சிறை விதிகளிலும் உத்தியோகப்பற்றற்ற பார்வையாளர்கள் என்ற ஏற்பாடு வெகுகாலமாக இருந்துவருகிறது. அந்த ஸ்தானங்களைக் கௌரவப் பதவிகளாகக் கருதாமல், அஞ்சாமல் உள்ளே போய், கேட்டதை எழுதி, எழுதியதற்குப் பதில் வாங்கும் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு நிரப்ப வேண்டும். உணவு, தண்ணீர், மருந்து, மூச்சு ஆகிய இவற்றைப் பற்றிக் கைதி செய்யும் முறையீட்டுக்கு அன்றைய சூரியன் அஸ்தமிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்றும், சொல்லத் தவறிய அதிகாரி அதற்குப் பொறுப்பாளி என்றும் சட்டம் சொல்ல வேண்டும். நீதிமன்றம் ஒருவனிடமிருந்து பறிக்கச் சொன்னது அவனுடைய சுதந்திரத்தை மட்டுமே. அதற்கு மேல் ஒரு மூச்சைக்கூட எடுத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு உரிமை கிடையாது.